மஞ்சள் மண்டியில் படித்த பொது அறிவு

"காலிங்கராயன் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது?"

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வுக்காகக் கோச்சிங் சென்டரில் வைத்த மாதிரித் தேர்வில் வந்த கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. காவிரி என்று வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சித்தி வீடு ஈரோடு கருங்கல்பாளையம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அங்கேதான் கிடப்பேன். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாய்க்கால். காவிரித் தண்ணீர்தான் வாய்க்காலில் ஓடுகிறது என்று 24 வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

விடை பவானி. பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அணைக்கட்டு இருக்கிறது. அங்கே கிளம்புகிற வாய்க்கால், காவிரியை ஒட்டியே வளைந்து வளைந்து ஓடி, கொடுமுடிப் பக்கம் போய் நொய்யலில் சேர்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. கால் நனைத்து விளையாடிய வாய்க்காலைப் பற்றிய கேள்வியில் ஒன்றரை மதிப்பெண் போனது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பவானி எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து எழுத ஆரம்பித்தேன். நான் பொது அறிவு படித்த முறை அந்த நோட்டில் தொடங்கியதுதான். குரூப் 4 மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அதற்கு முன்னால் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ் 100, பொது அறிவு 75, திறனறி கணக்கு 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 1 முதல்நிலையில் தமிழ்ப் பகுதி கிடையாது. பொது அறிவு 175, கணக்கு 25. மத்திய அரசின் குடிமைப் பணிக்கான யுபிஎஸ்சி முதல்நிலையில் பொது அறிவுத் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டே மணி நேரம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுவார்கள். மூன்றுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். ஆழம்தான் வேறு.

சரி, எதைப் படிப்பது? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலும் அறிவியலும். அப்புறம் 11, 12ஆம் வகுப்பில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், புவியியல் ஆகியவற்றில் பாடத்திட்டத்துக்கு வேண்டிய பாடங்கள் மட்டும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. நான் செல்போனில் படித்தால் கண் எரியும் என்று பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கினேன். அதில் ஒரு கஷ்டம் உண்டு. பழைய பதிப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம் என்று இருக்கும். 2020இல் மயிலாடுதுறை வந்த பிறகு 38. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கோச்சிங் சென்டர் கையேட்டிலேயே 32 என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அதற்கப்புறம் ஒருவரி விடைக் கையேடு எதையும் நான் தொடவில்லை. புதிய பதிப்புப் புத்தகம் ஒன்று, பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதி ஒன்று, பழைய வினாத்தாள்கள், இது போதும்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தை "சின்னப் பிள்ளைகள் புத்தகம்" என்று தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் முயற்சியில் நானும் அதைத்தான் செய்தேன். பாடத்துக்கு நடுவில் கட்டம் கட்டி "உங்களுக்குத் தெரியுமா?" என்று போட்டிருப்பார்களே, அதைக் கண் தானாகத் தாண்டிப் போகும். கேள்வி எடுப்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இடது பக்கம் படம், வலது பக்கம் கேள்வி. பவானிக்கு எழுதிய பக்கத்தையே சொல்கிறேன். இடது பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. நீலகிரியில் பிறந்து மேற்கே கேரளத்துக்குள் போய், அட்டப்பாடிப் பக்கம் திரும்பி, மறுபடி கிழக்கே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இந்த ஒரு திருப்பத்தை வரைந்தால் "கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் எவை?" என்ற கேள்வி முடிந்தது. கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு வந்து சேருவது நம் அமராவதியில். கோட்டை இன்னும் இழுத்தால் மாயாறு வந்து சேருகிற இடம் பவானிசாகர். அணை 1955இல் முடிந்தது. 105 அடி, 32.8 டிஎம்சி. அங்கே நிறுத்தி, ஒரு டிஎம்சி என்றால் எவ்வளவு என்று வலது பக்கத்தில் ஒரு கேள்வி. நூறு கோடி கன அடி. அப்புறம் கொடிவேரி, அங்கே பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். கடைசியில் காலிங்கராயன், பவானி காவிரியோடு சேருகிற கூடுதுறை. ஒரே பக்கத்தில் ஆறு, அணை, வாய்க்கால் மூன்றும் உட்கார்ந்துவிட்டன. மனப்பாடம் செய்யவே இல்லை. தண்ணீர் போகிற பக்கமே நானும் போனேன், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், காட்டினேன். பெருந்துறை தாண்டி அவருக்குக் கீழ்பவானிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வாய்க்காலப் போட்டயே, மதகு எங்க?" என்றார். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு அடுத்த போகம், ஆகஸ்ட்டில் விடுகிற தண்ணீருக்கு நெல், ஜனவரிக்கு மேல் விடுகிற தண்ணீருக்குக் கடலை, எள் என்று அரை மணி நேரம் பேசினார். இதெல்லாம் அப்படியே தேர்வில் வராது. ஆனால் நஞ்சை, புஞ்சை, ஆயக்கட்டு, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை எல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் பாடத்தை விட்டு வெளியே வந்தன. அணை நிரம்புவது மேற்கே பெய்கிற தென்மேற்கு மழையில். நம் காட்டில் பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. மழை மறைவுப் பிரதேசம் என்று புத்தகத்தில் படித்தது காங்கயம் பக்கத்துக் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய்கிற அந்த நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. அப்புச்சி சொன்னதை விடையாக எழுதிவிடாதீர்கள். அணை எத்தனை அடி என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். தேர்வாணையம் ஒத்துக்கொள்வது பாடநூலையும் அரசு ஆவணத்தையும்தான். ஊரில் கேட்பது ஞாபகத்தில் நிற்க. எண்ணைச் சரிபார்க்கப் புத்தகம்.

வரலாற்றையும் இப்படியே பிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஓடாநிலை கூப்பிடு தூரம். தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர். ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் வெள்ளைக்காரனோடு சண்டை நடந்தது. 1805 ஆடிப்பெருக்கு அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஒவ்வொரு ஆடி 18க்கும் ஓடாநிலையில் கூட்டம் கூடும், எனக்குத் தேதி மறக்க வழியே இல்லை. 1805ஐ ஒரு முளையாக அடித்துவிட்டு இரண்டு பக்கமும் மாட்டினேன். 1799 கட்டபொம்மன், 1801 மருது சகோதரர்கள், 1806 வேலூர்ப் புரட்சி. நான்கும் ஏழு வருடத்துக்குள் நடந்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. காலவரிசைப்படி அமைக்கச் சொல்லும் கேள்விக்கு இந்த மாதிரி முளைகள்தான் கை கொடுக்கும்.

ஈரோட்டிலிருந்து 1925 மே மாதம் குடி அரசு வெளிவந்தது இன்னொரு முளை. அதற்கு முந்தின வருடம் வைக்கம். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. சென்னிமலையில் பிறந்த குமரன் திருப்பூரில் அடிபட்டு உயிர்விட்டது 1932 ஜனவரி. அதை ஒத்துழையாமை இயக்கத்தில் கொண்டுபோய் மாட்டாதீர்கள். அது சட்டமறுப்பு இயக்கத்தின் இரண்டாம் கட்டம். வ.உ.சி. செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கம்.

சங்க காலத்துக்குச் சென்னிமலை அருகே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். மணிகள் செய்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் அங்கே தடயம் கிடைத்திருக்கிறது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் உண்டு. கரூர்ப் பக்கம் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறைப் பெயர் வருகிறது. எங்கள் அறச்சலூரில் இசைக் கல்வெட்டு இருக்கிறது என்பதே மண்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு புத்தகத்தில் படித்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படிக்கிற நேரத்தில் மலையேறப் போனேன் என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் ஊர்ப் பெருமையிலேயே நின்றுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவது முயற்சியில் எனக்கு நடந்தது அதுதான். கொங்கு நாட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன், மௌரியரைக் கேட்டால் முழிப்பேன். நோட்டில் ஊருக்கு ஒரு பக்கம் என்றால் வெளியே நான்கு பக்கம் என்று அப்புறம் கணக்கு வைத்துக்கொண்டேன்.

அரசியலமைப்பு பலருக்கும் கசக்கும். சட்டப்பிரிவு எண்களை நெட்டுருப் போட்டால் ஒரு வாரத்தில் ஆவியாகிவிடும். கிராம சபைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். நான் அக்டோபர் 2 அன்று எங்கள் ஊர்க் கிராம சபையில் போய் உட்கார்ந்தேன். வரவு செலவு வாசித்தார்கள், தெருவிளக்குக்குச் சண்டை நடந்தது. வீட்டுக்கு வந்து எழுதினேன்: கிராம சபை, பிரிவு 243ஏ. 73ஆவது திருத்தம். பதினோராவது அட்டவணை, 29 பொருள்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. கூடுகிற நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்குச் சண்டை ஞாபகம் இருக்கிற வரைக்கும் 243ஏ மறக்காது.

நியமனம், நீக்கம் இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே எழுதுங்கள். மாநிலத் தேர்வாணையத் தலைவரை நியமிப்பது ஆளுநர், நீக்குவது குடியரசுத் தலைவர். மாநிலத் தேர்தல் ஆணையரையும் ஆளுநர்தான் நியமிக்கிறார். நீக்க வேண்டுமானால் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே வழி. தனித்தனியாகப் படித்தால் ஆளுநர் நியமித்தால் ஆளுநரே நீக்குவார் என்று மனசு சொல்லும். கேள்வி வைப்பவர் அங்கேதான் காத்திருப்பார்.

அறிவியலுக்கு மண்டி ஒரு ஆய்வகம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது துணியெல்லாம் மஞ்சள் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை சிவந்துபோகும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. சோப்பு காரம், மஞ்சள் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாற்றை விட்டால் மறுபடி மஞ்சளாகும். அதைச் செய்து பார்த்த அன்று அமிலம், காரம், பிஎச் மதிப்பு என்று ஒரு பாடம் முழுவதும் பிடிபட்டது. இயற்பியலில் நான் அவ்வளவு திறமை இல்லை. அலகுகளும் விதிகளும் மட்டும் பார்த்துக்கொண்டேன், மீதியை விட்டுவிட்டேன்.

நடப்பு நிகழ்வுக்கு மாத இதழ் வாங்கி அடுக்குகிறவர்கள் நிறைய. எனக்கு மண்டிக்கு எதிர் டீக்கடைப் பேப்பர்தான். பதினைந்து நிமிஷம். விபத்து, கொலை, சினிமா எல்லாம் தள்ளிவிட்டு, புதுத் திட்டம், நியமனம், விருது, நீதிமன்றத் தீர்ப்பு, சுற்றுச்சூழல். ஒரு செய்திக்கு ஒரு வரி; அந்த வரிக்குப் பக்கத்தில் அது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று ஒரு சொல். உதாரணமாக, 2024 ஆகஸ்ட்டில் திருப்பூர் நஞ்சராயன் குளம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்தில் எழுதுவது: ராம்சார், ஈரான், 1971, ஈரநிலம். ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலேயே சேர்ந்துவிட்டது. இந்தியாவில் மொத்தம் எத்தனை என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். நஞ்சராயன் சேர்ந்தபோது 85. சில மாதத்தில் அது மாறிவிட்டது.

2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியத்தைத் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் தொடங்கினார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கியிருந்தும் வாரியம் அங்கே போய்விட்டதே என்று மண்டிக்காரர்களுக்கு இன்றைக்கும் வருத்தம். வருத்தம் இருக்கட்டும், உங்களுக்கு அது இரண்டு கேள்வி. அரசுத் திட்டங்களையும் இப்படி எழுதலாம். நான் டிக்கெட் காசில்லாமல் போய் வந்த டவுன் பஸ்ஸே மகளிர் விடியல் பயணத் திட்டம், 2021 மே. ரேஷன் கடை, சத்துணவு, காலை உணவு என்று வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தால் ஒரு பக்கம் நிரம்பும்.

கணக்கு 25 கேள்விக்கும் பயப்பட வேண்டியதில்லை. சதவீதம், விகிதம், மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்தி, தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, வேலை–நாள். தினம் பத்துக் கணக்கு, நேரம் வைத்து. நம் ஊர்க்காரர்கள் வழுக்குகிற இடம் ஒன்று சொல்கிறேன். "நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று நாம் பேசுவது மாசத்துக்கு. தேர்வில் வட்டி வீதம் என்றால் வருடத்துக்கு. 50,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு எட்டு மாதம் கொடுத்தால் மாதம் 1,000 வீதம் 8,000. அதையே சூத்திரத்தில் போடும்போது வீதம் 24, காலம் 8/12 வருடம். மண்டியில் மனக்கணக்கு போட்டுப் பழகிய எனக்கு இந்த மாதத்தையும் வருடத்தையும் பிரிக்க ஒரு மாதம் பிடித்தது.

நேரம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். காலை நாலரையிலிருந்து ஆறு வரை புதுப் பாடம். மண்டியில் ஏலம் முடிந்து, எடை போட்டு, பில் எழுதி முடிக்க மத்தியானம் இரண்டு ஆகிவிடும். லாரி வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். மூட்டைக்கு மேல் உட்கார்ந்து காலையில் படித்த நோட்டின் வலது பக்கத்தை மூடி, இடது பக்கப் படத்தை மட்டும் பார்த்து விடை சொல்வேன். ராத்திரி படிப்பதை விட்டுவிட்டேன். பிடிவாதமாகப் படித்த நாளெல்லாம் மறுநாள் பில்லில் தப்பு வந்தது. ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு சமூக அறிவியலை முதல் முறை முடிக்க எனக்கு 70 நாள் ஆனது. இரண்டாவது முறை 25 நாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தேர்வாணைய இணையதளத்திலேயே பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் இருக்கிறது. மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல், வட்டம் நிரப்புகிற ஓஎம்ஆர் விடைத்தாளில் கருப்பு பால்பாயிண்ட் பேனாவால். திருத்தியபின் தப்பான விடைகளை மூன்றாகப் பிரித்தேன்: படிக்காதது, படித்து மறந்தது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. மூன்றாவது ரகம்தான் எனக்கு அதிகம். "தவறானது எது?" என்பதில் "தவறு" என்ற சொல்லைப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் விடை பார்ப்பது என்று அதற்குப் பிறகு பழக்கிக்கொண்டேன்.

டிஎன்பிஎஸ்சியில் ஏ, பி, சி, டிக்குப் பிறகு ஈ என்று ஒரு வட்டம் உண்டு, விடை தெரியாது என்பதற்கு. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. விட்டால் மதிப்பெண் கழியும். நான் எழுதியபோது கடைசியில் எந்த எழுத்தை எத்தனை முறை போட்டோம் என்று எண்ணியும் நிரப்ப வேண்டியிருந்தது. தப்பான விடைக்குக் கழிவு இல்லாத தேர்வில் ஈ போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு விடையைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போடுங்கள். நான் ஒரு கேள்விக்குக்கூட ஈ போடவில்லை. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஹால் டிக்கெட்டில் இருக்கிற அறிவுரையை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

யுபிஎஸ்சியில் இந்தத் துணிச்சல் ஆகாது. அங்கே ஒரு தப்புக்கு 0.66 போய்விடும். சித்தி மகன் அதற்குத்தான் படிக்கிறான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், பொது அறிவே நான்கு தாள், தாளுக்கு 250. ஆனால் முதல்நிலை வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வரும். தமிழில் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். அவன் ஆறு மாதம் கழித்துத்தான் இதைச் செய்ய ஆரம்பித்தான்.

கடைசி வாரம் புதிதாக ஒன்றும் தொடவில்லை. நோட்டின் இடது பக்கப் படங்களை மட்டும் புரட்டினேன். தேர்வுக்கு முந்தின நாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, தேர்வு மையத்துக்கு எந்த பஸ், இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பையில் ஹால் டிக்கெட், ஆதார், கருப்பு பேனா இரண்டு. இரண்டுமே புதுப்பேனா வேண்டாம். ஒரு வாரம் எழுதி மை நன்றாக இறங்குகிற பேனாவாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.